பனியைக் கம்பால் குத்துவது ஏன்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆர்க்டிக்கில் பனிக்கட்டியோடு சேர்ந்து ஒரு வருடம் மிதந்த போலார்ஸ்டெர்ன் கப்பல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இத்தனை செயற்கைக்கோள்கள் இருக்கும்போது, கும்மிருட்டில் ஆட்கள் கம்பால் பனியைக் குத்திக்கொண்டு நடப்பானேன்? வீண்செலவு என்றே தோன்றுகிறது.

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

செயற்கைக்கோளுக்கே அந்தக் கம்பின் தயவு தேவைப்படுகிறது. துருவப் பனிக்கட்டியைக் கண்காணிக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான கிரையோசாட்-2 அதன் தடிமனை நேராக அளப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் கட்டி எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும். மூழ்கியிருப்பதை நாம்தான் கணக்குப் போட வேண்டும். வெளியே தெரிவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கட்டியின்மேல் படிந்த பனியோ தன் எடையால் அதை இன்னும் கீழே அமுக்கும். அந்தப் பனியின் ஆழத்தில் கொஞ்சம் பிசகினால் தடிமனில் பல மடங்கு பிசகும்.

சரி, பனியின் ஆழம் எப்படித் தெரியும்? 1954 முதல் 1991 வரை பனிக்கட்டிமேல் மிதந்த சோவியத் ஆய்வு நிலையங்களில் இருந்தவர்கள் அளந்து வைத்த கணக்கைத்தான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அவர்கள் முகாம் போட்டது பல வருடம் கரையாத தடித்த கட்டிகளில். இப்போது அங்கே புதுக்கட்டிகள் பெருகிவிட்டன. கடல் தாமதமாக உறைவதால், அதற்குமுன் பெய்யும் பனியெல்லாம் தண்ணீரில் விழுந்து வீணாகிறது. புதுக்கட்டிமேல் பழைய கணக்கில் பாதிதான் இருக்கிறது என்று விமானத்திலிருந்து அளந்தவர்கள் கண்டார்கள்.

2019 அக்டோபரில் போலார்ஸ்டெர்ன் ஒரு கட்டியோடு தன்னைப் பிணைத்துக்கொண்டது. நீங்கள் சொல்லும் கம்பில் மேலும் கீழும் நகரும் ஒரு வட்டு உண்டு. கட்டியில் இடிக்கும்வரை கம்பைக் குத்தினால் வட்டு பனியின் மேலேயே நின்றுவிடும். இடைப்பட்ட தூரம் ஜிபிஎஸ் குறிப்போடு பதிவாகும். அப்புறம் அடுத்த எட்டு, அடுத்த குத்து. காற்று பனியை வாரிக்கொண்டுபோய் மேடுகளின் மறைவில் குவித்துவிடுவதால் ஓரிடத்து அளவு எதற்கும் உதவாது. (கரடி வருகிறதா என்று துப்பாக்கியோடு ஒருவர் காவல் நிற்பார்!)

குழி வெட்டியும் பார்த்தார்கள். மேலே காற்றில் இறுகிய படலம், அடியில் கற்கண்டுத் தூள்போல உதிரும் பரல்கள். மேலே மைனஸ் 30 டிகிரி, கீழே கடலின் வெதுவெதுப்பு ஏறும் கட்டி. அந்த வித்தியாசத்தால் நீராவி மேலேறி மறுபடி உறைந்து உண்டான பரல்கள் அவை. இந்தப் பனி வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. அதனால் குளிர்காலத்தில் பனி கூடினால் கட்டி தடிப்பது மந்தமாகும். கோடையிலோ அதே பனி வெயிலைத் திருப்பியனுப்பிக் கட்டியைக் காக்கும்.

செலவு பெரிதுதான், சுமார் 14 கோடி யூரோ. ஆனால் அதில் கம்பின் பங்கு அற்பம். காசைத் தின்றது கப்பலும், அதற்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோன பனிக்கட்டி உடைக்கும் கப்பல்களும்தான்.