மருத்துவர் பதில்கள்: கையில் இருந்த ஊசியைப் போடத் தயங்கிய தாய்

கேள்வி: என் எட்டு வயது மகனுக்குக் கஜு (முந்திரி) ஒவ்வாமை உண்டு. சென்ற மாதம் உறவினர் வீட்டில் பாயாசம் குடித்த பத்து நிமிடத்துக்குள் அவனுடைய உதடு வீங்கியது, இரண்டு தடவை வாந்தி எடுத்தான், விடாமல் இருமினான். மருத்துவர் எழுதிக் கொடுத்த எபிபென் (அட்ரினலின் மருந்துள்ள பேனா ஊசி) என் கைப்பையில்தான் இருந்தது. ஆனால் அது இதயத்தைப் பாதிக்கும் ஊசி, முதலில் அலர்ஜி சிரப்பைக் கொடுத்துப் பார்ப்போம் என்று மாமியார் சொன்னதால், அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகே 911ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். நான் எப்போது போட்டிருக்க வேண்டும்? தேவையில்லாமல் போட்டுவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? அவனுடைய எடை இப்போது 26 கிலோ.
— ஒரு தாய், ஸ்கார்பரோ, கனடா

பதில்: உதட்டு வீக்கத்தோடு வாந்தியும் தொடங்கிய அந்த நிமிடத்திலேயே போட்டிருக்க வேண்டும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குழந்தையின் தொடையில் ஊசியை இறக்க, பெற்ற தாயின் கை எளிதில் துணியாது என்பதை நான் அறிவேன். ஆனால் அடுத்த முறை உங்கள் கை தயங்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

ஒவ்வாமையுள்ள உணவு உள்ளே போன சிறிது நேரத்தில் தோல், வயிறு, மூச்சு, ரத்த ஓட்டம் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டில் கோளாறு தெரிந்தால், அதைக் கடும் ஒவ்வாமை என்றே கொள்ள வேண்டும். குரல் கரகரத்தல், தொண்டை அடைத்தல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று மட்டும் இருந்தாலும் போதும். தோலில் தடிப்பே இல்லாமலும் இது வரலாம் என்பதால், தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறு பிள்ளைகள் இதைத் தங்கள் மொழியில்தான் சொல்வார்கள். ‘நாக்கு சுடுகிறது’, ‘தொண்டையில் ஏதோ இருக்கிறது’ என்று உங்கள் மகன் சொன்னால், அதை விளையாட்டாக எண்ணாதீர்கள்.

அலர்ஜி சிரப் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும்; அதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வீங்கிய மூச்சுப்பாதையைத் திறக்கவோ, விழுந்துகொண்டிருக்கும் ரத்த அழுத்தத்தைத் தூக்கவோ அதனால் முடியாது. அட்ரினலின் தளர்ந்துபோன ரத்தக் குழாய்களை இறுக்குகிறது, இதயத்துக்கு வலு கொடுக்கிறது, சுருங்கிய மூச்சுக்குழல்களை விரிக்கிறது, ஒவ்வாமைப் பொருள்களைக் கொட்டும் செல்களையும் அடக்குகிறது. இந்த நான்கையும் சேர்த்துச் செய்யும் வேறு மருந்து வீட்டில் இல்லை.

உங்கள் மாமியாரின் அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அட்ரினலின் நம் உடலே சுரக்கும் பொருள்தான். தொடைத் தசையில் போடும் இந்தச் சிறிய அளவால் பிள்ளையின் கை நடுங்கும், முகம் வெளுக்கும், நெஞ்சு படபடக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். நலமாக இருக்கும் பிள்ளைக்குத் தேவையில்லாமல் போட்டுவிட்டாலும் பெருந்தீங்கு நேர்வது மிக அரிது. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தாமதம்தான். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

போடும் முறையைப் பார்ப்போம். பேனாவை முஷ்டிக்குள் பிடியுங்கள். எந்த முனையிலும் கட்டைவிரலை வைக்காதீர்கள், ஏனெனில் பதற்றத்தில் தலைகீழாகப் பிடித்துத் தங்கள் விரலிலேயே குத்திக்கொண்டவர்கள் பலர் உண்டு. நீல மூடியை நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள். பிள்ளையை மடியில் கிடத்திக் காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, தொடையின் வெளிப்பக்க நடுவில் ஆரஞ்சு முனையை வைத்து, ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்தி, மூன்று விநாடி அப்படியே வைத்திருங்கள். பழைய கையேடுகளில் பத்து விநாடி என்று இருக்கும். இப்போது மூன்று போதும். கால்சட்டைக்கு மேலேயே போடலாம், தையலையும் கால்சட்டைப் பையில் உள்ள பொருள்களையும் மட்டும் தவிர்த்தால் சரி. எடுத்த பிறகு ஆரஞ்சு உறை நீண்டு ஊசியை மூடிக்கொள்ளும். பேனாவுக்குள் மருந்தின் பெரும்பகுதி மிஞ்சித்தான் இருக்கும். அதன் அமைப்பே அப்படி, ஊசி இறங்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

தோலுக்கு அடியில் போடாமல் தொடைத் தசையில் போடுவதற்குக் காரணம் உண்டு. கனடாவின் மனிடோபாவைச் சேர்ந்த எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்குத் தொடைத் தசையில் போட்ட மருந்து ரத்தத்தில் உச்சத்தை எட்டச் சராசரியாக 8 நிமிடம் ஆனது. தோலுக்கு அடியில் போட்டபோது 34 நிமிடம் ஆனது.

ஊசி போட்ட உடனே 911ஐ அழையுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவும், வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் படுக்கவும் விடுங்கள். நிற்கவோ காருக்கு நடந்து போகவோ விடாதீர்கள்: ரத்த அழுத்தம் விழுந்திருக்கும் நேரத்தில் திடீரென எழுந்து நின்ற சில நொடிகளில் உயிர் போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது பேனாவைப் போடலாம்; ஆகவே எப்போதும் இரண்டு இருக்கட்டும். முழுக்கத் தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும், ஏனெனில் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மீண்டும் வருவதுண்டு.

உங்கள் பையிலுள்ள பேனா 0.15 மில்லிகிராமா 0.3 மில்லிகிராமா என்று பாருங்கள். 25 கிலோவைத் தாண்டிய பிள்ளைகளுக்கு 0.3 கொடுக்கும் மருத்துவர்கள் பலர்; உங்கள் ஒவ்வாமை நிபுணரிடம் இந்த வாரமே கேளுங்கள். பள்ளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் 2006 முதல் நடைமுறையில் உள்ள சப்ரீனா சட்டத்தின்படி, இத்தகைய மாணவர் ஒவ்வொருவருக்கும் பள்ளி தனித் திட்டம் வைத்திருக்க வேண்டும். முதல்வரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கஜு என்று எழுதியுள்ள முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. விசேஷ வீடுகளில் பர்பியையும் கேட்டறிந்த பிறகே கொடுங்கள்.

கேள்வி: பனையேறும் தொழில் செய்யும் என் தந்தைக்கு 58 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு கதண்டு (பெரிய குளவி) கொட்டியதில் உடலெங்கும் தடித்து மயங்கி விழுந்தார். பேனா ஊசி எங்கள் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கவில்லை. நாங்கள் என்ன செய்வது?
— ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: பேனா இங்கே எளிதில் கிடைப்பதில்லை என்பது உண்மை, ஆனால் அதே மருந்து மிகக் குறைந்த விலையில் சிறு கண்ணாடிக் குப்பியில் கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் இருக்கும். பெரியவர்களுக்கு அதில் அரை மில்லிலிட்டர் வரை தொடைத் தசையில் போடுவது வழக்கம். குப்பியை உடைத்து, அளந்து எடுத்துப் போடுவது பதற்றத்தில் எளிதல்ல; அளவு தவறினாலும், ரத்தக் குழாயில் ஏறினாலும் ஆபத்து. ஆகவே தந்தையை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி, அவர் முன்னிலையில் நீங்களும் தாயாரும் பழகிய பிறகே வீட்டில் வையுங்கள். வெயிலும் வெளிச்சமும் இந்த மருந்தைக் கெடுக்கும். நிறம் பழுப்பாக மாறினால் புதிதாக வாங்குங்கள். ரத்த அழுத்தத்துக்கு அவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் சில மாத்திரைகள் அட்ரினலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும்.

பல கதண்டுகள் சேர்ந்து கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் நஞ்சின் அளவாலேயே சிறுநீரகம் பழுதாகலாம். அட்ரினலினால் அதைத் தடுக்க முடியாது. எப்படியிருந்தாலும் 108ஐ அழைத்து மருத்துவமனையில் சேருங்கள். அவர் தோப்புக்குத் தனியாகப் போவதை நிறுத்தி, ஊசி போடப் பழகிய ஒருவரைக் கூடவே அனுப்புங்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் குப்பி பனையடியில் விழுந்துகிடப்பவருக்கு உதவாது.