பெரிய ரோபோக்களுக்கு நடுவே நான் செய்த சின்னக் கருவி எடுபடுமா?

பொறியியல் படிக்கவில்லை, நானாகவே ஒரு கருவி செய்திருக்கிறேன், தாங்களே கருவி செய்பவர்கள் கூடி அதைக் காட்டும், ஆண்டுதோறும் நடக்கும் மேக்கர் மாநாட்டில் மேசை கேட்டு விண்ணப்பிக்கலாமா, சிரிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் கருவி இன்னும் முழுசாக முடிந்திருக்காது. தயக்கத்துக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

விண்ணப்பியுங்கள். நான் நிரப்பிய படிவத்தில் என்ன செய்தாய், படம் எங்கே என்றுதான் கேட்டார்கள். பட்டம் கேட்கவில்லை. நானும் பொறியியல் படித்தவன் இல்லை.

நான் கொண்டுபோனது பேனா பிடித்துத் தமிழில் பெயர் எழுதும் ஒரு பிளாட்டர். சின்னச் சின்ன அடியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார் இரண்டு, பேனாவைத் தூக்கி இறக்க ஒரு சர்வோ மோட்டார், இவற்றை இயக்க இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டிக் கணினிப் போர்டு, அவ்வளவுதான். மோட்டாரை ஓட்டுவது பெரிய வேலையே இல்லை, எழுத்துதான் உயிரை வாங்கியது. கணினி எழுத்துருக்கள் பெரும்பாலும் எழுத்தின் வெளிக்கோட்டை மட்டுமே வைத்திருக்கும். அதைப் பேனாவுக்குக் கொடுத்தால் உள்ளே காலியான இரட்டைக் கோடாக வரைந்துவிடும். ஆங்கிலத்துக்கு 1967-லேயே ஹெர்ஷி என்பவர் ஒற்றைக் கோட்டு எழுத்துக்கள் செய்து வைத்துவிட்டார். அவர் தொகுப்பில் தமிழ் கிடையாது. ஒவ்வொரு எழுத்தாக நானே கட்டத்தாளில் வரைந்தேன். அதற்கு மேல், கணினி எழுத்துக்களைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் முதலில் க போன்ற எழுத்து, பிறகுதான் கொம்பு. ‘கெ’ என்று கொடுத்தால் க-வை எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போட்டது. அதைச் சரிசெய்யவே ஒரு வாரம்.

‘பிரிண்டரில் இரண்டு நொடியில் வந்துவிடுமே, இது எதற்கு?’ என்று மாநாட்டில் ஒருவர் கேட்டார். இங்கேயும் சிலர் கேட்பார்கள். பிரிண்டருக்குப் போட்டியாக நான் இதைச் செய்யவில்லை. நம் எழுத்தைக் கை எப்படி எழுதுகிறது என்று ஒரு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டேன்.

முதல் நாள் கதவு திறந்து அரை மணி நேரத்தில் பிளாட்டர் நின்றுவிட்டது. வீட்டில் மாதக்கணக்கில் ஓடியது. அரங்கில் ஆயிரம் போன், நூறு போர்டு, எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே வைஃபை அலைவரிசையில். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத வைஃபை சேனல் மூன்றுதான்: 1, 6, 11. என் போனிலிருந்து வைஃபை வழியாகப் போகவேண்டிய பெயர் பிளாட்டருக்குப் போய்ச் சேரவே இல்லை. பக்கத்து மேசைக்காரர் தன் ரோபோவை அப்படியே விட்டுவிட்டு ஒரு யூஎஸ்பி கேபிளை நீட்டினார். மடிக்கணினியில் செருகியதும் ஓடியது. நீங்கள் போகும்போது வயர் வழியாக ஓட ஒரு வழி கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் எட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் பெயரைக் கேட்டாள். அதில் மூன்று சுழி ‘ண’ உண்டு. பேனா ஓடுவதைக் குனிந்து பார்த்தவள், ‘அங்கிள், இது பின்னாடியிலேருந்து எழுதுது. ண-வுக்குச் சுழிதானே முதல்ல போடணும்?’ என்றாள். உண்மைதான். பேனாவின் தொடக்க இடம் வலது ஓரம். பேனா குறைவாக அலையட்டும் என்று அருகில் உள்ள முனையிலிருந்து தொடங்கச் சொல்லி நிரல் எழுதியிருந்தேன். முடிந்த எழுத்து சரியாக இருந்ததால் ஆறு மாதமாக எனக்கு உறைக்கவே இல்லை. வீடியோ பார்த்த நண்பர்களும் ‘சூப்பர்’ என்பதோடு சரி.

2006-ல் கலிபோர்னியாவின் சான் மடேயோவில் முதல் மேக்கர் ஃபேர் நடந்தது. அதை நடத்திய நிறுவனம் 2019-ல் கடையை மூடியது, ஆனாலும் விழா நிற்கவில்லை. 2023-ல் யூடியூபர் வில்லியம் ஓஸ்மான் சான் பிரான்சிஸ்கோவில் ஓப்பன் சாஸ் என்று இன்னொன்றைத் தொடங்கினார். செய்தவன் பக்கத்திலேயே நின்று பார்க்கவும் கேட்கவும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஒரே ஒரு மாநாட்டை வைத்துப் பேசுகிறான் என்று சொல்லலாம். சரி, ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி எனக்கு வேறு எங்கே கிடைத்திருக்கும்?

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாற்று மின்சாரத்துக்கு நான் வாங்கிய, 18650 என்ற வகை ரீசார்ஜ் பேட்டரி செல்லில், அதன் கொள்ளளவு 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்திருந்தது. நல்ல செல்லே 3,600-ஐச் சுற்றித்தான். அளந்து பார்த்தேன், 1,100-கூடத் தேறவில்லை. கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் இதை நம்பி வாங்கி, கருவி நின்றதும் தங்கள் சர்க்யூட்தான் தப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பொய்யை அச்சடித்து விற்பவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நிரலை மாற்றினேன். இப்போது ‘ண’ முதல் சுழியில் தொடங்குகிறது. ஒரு பெயருக்குச் சில நொடி கூடுதலாகிறது, ஆகட்டும்.