வலிமை மிகு அமிலமா, வலிமை குறைந்த அமிலமா? – கேள்வி பதில்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர்: ஐயா, செறிவு மிக்க அசிட்டிக் அமிலத்தை வலிமை மிகு அமிலம் எனலாமா?

கூடாது. ஒரு லிட்டர் கரைசலில் எவ்வளவு அமிலம் உள்ளது என்பதே செறிவு. வலிமையோ, கரைந்த மூலக்கூறுகளில் எத்தனை பங்கு அயனிகளாகப் பிரிகின்றன என்பதைப் பொறுத்தது. 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ முழுவதும் பிரிந்துவிடுவதால் அதன் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகும்) 1. அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தில் நூறில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட மூலக்கூறுகளே பிரிவதால் பிஹெச் 2.9 அளவில் நிற்கிறது.

ஆய்வக உதவியாளர் ஒருவர்: பெயர்ச்சீட்டு இல்லாத இரண்டு குப்பிகள் உள்ளன. எது ஹைட்ரோகுளோரிக், எது அசிட்டிக் என்று எப்படி அறிவது?

லிட்மஸ் உதவாது, இரண்டிலும் அது சிவப்பாகவே மாறும். செறிவு சமம் என்று தெரிந்தால், மக்னீசியம் நாடாவை ஒரே அளவில் வெட்டி இரண்டிலும் இட்டுப் பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குமிழ்கள் விரைந்து எழும். செறிவு தெரியாதபோது இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அப்போது நான் பரிந்துரைப்பது நீர்த்தல் முறை: கரைசலின் பிஹெச்சை அளந்து, பத்து மடங்கு நீர்த்து, மீண்டும் அளக்க வேண்டும். வலிமை மிகு அமிலமாயின் பிஹெச் ஏறத்தாழ 1 உயரும்; அசிட்டிக் அமிலத்தில், நீர் சேரச்சேர இன்னும் சில மூலக்கூறுகள் பிரிந்து இழப்பை ஓரளவு ஈடுசெய்வதால், அரை அளவே உயரும். இந்த முறைக்குத் துல்லியமான பிஹெச் அளவி தேவை. சாதாரண பிஹெச் தாள் போதாது.

இளநிலை வேதியியல் மாணவர்: தரம்பார்த்தலில் (செறிவு தெரிந்த காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தின் அளவை அறியும் முறையில்) வலிமை குறைந்த அமிலத்துக்குக் குறைவான காரம்தானே செலவாகும்?

இல்லை. 25 மில்லிலிட்டர் 0.1 மோலார் அமிலம் எதுவாயினும், ஒரு மூலக்கூறு ஒரு புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) தருவதாக இருந்தால், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மில்லிலிட்டரே செலவாகும். ஹைட்ரஜன் அயனிகள் தீரத்தீர, பிரியாதிருந்த மூலக்கூறுகளும் பிரிந்துகொண்டே வருகின்றன. மாறுவது, அமிலத்துக்குச் சரியாக ஈடான காரம் சேர்ந்த சமான நிலையின் பிஹெச்: ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 7, அசிட்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 8.7. ஆகவே பின்னதற்கு, நிறம் மாறி முடிவைக் காட்டும் நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சு பொருந்தாது, பினாப்தலீன்தான் பொருந்தும்.

ஆசிரியர் ஒருவர்: கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் எப்படி வலிமை குறைந்ததாகும்?

ஹைட்ரஜனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையிலான பிணைப்பு மிக உறுதியானது என்பதால் நீர்த்த கரைசலில் சிறு பங்கே பிரிகிறது. கண்ணாடி அரிக்கப்படுவது சிலிக்கனோடு ஃபுளூரின் பிணைவதால். தோலுக்குள் ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும் இந்த அமிலத்தை, 'வலிமை குறைந்தது' என்ற வகைப்பாட்டை நம்பி எவரும் அலட்சியமாகக் கையாளக் கூடாது.

தேர்வுக்குப் படிப்பவர்: மனப்பாடம் செய்ய வலிமை மிகு அமிலங்களின் பட்டியல் உண்டா?

ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோஅயோடிக், நைட்ரிக், பெர்குளோரிக், சல்பியூரிக். இவற்றில் சல்பியூரிக் அமிலத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை: முதல் புரோட்டான்தான் முழுவதும் பிரியும், இரண்டாவதன் பிரிகை மாறிலி (எவ்வளவு எளிதில் பிரியும் என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 0.01 மட்டுமே.