காலேஜ் ஃபுட்பால் ஃபேண்டஸி ட்ராஃப்டுக்கு ஆஃப் சீசனில் எதைப் பார்த்துத் தயாராக வேண்டும்?

என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால்) ஃபேண்டஸி, அதாவது நிஜ ஆட்டக்காரர்களை ட்ராஃப்டில் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து, களத்தில் அவர்கள் எடுக்கும் எண்களுக்குப் பாயிண்ட் வாங்கும் விளையாட்டு, ஆடிப் பழகியவர், இந்த வருஷம் 12 பேர் கொண்ட காலேஜ் லீக் ஒன்றில் சேர்கிறார். டிசம்பரிலிருந்து ஆகஸ்ட் வரை எந்த மாற்றங்களைக் கவனித்தால் ட்ராஃப்டில் ஏமாறாமல் இருக்கலாம் என்பதே கேள்வி.

முதல் வேலையாக, போன சீசனின் ஸ்டாட்ஸ் பட்டியலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே டிக் அடிக்கிற பழக்கத்தை விடுங்கள். என்எஃப்எல்லில் அது ஓரளவு எடுபடும். காலேஜில் எடுபடாது. 2024 ஏப்ரலில் விதி தளர்ந்த பிறகு, படிப்புத் தகுதி இருக்கிற ஆட்டக்காரர் எத்தனை தடவை வேண்டுமானாலும் பள்ளி (அதாவது கல்லூரி) மாறி உடனே களத்தில் இறங்கலாம். 2025 ஜூலை 1 முதல் பள்ளிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. முதல் வருஷ உச்சவரம்பு ஒரு பள்ளிக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து. ஆகவே நீங்கள் பார்க்கிற எண்கள் ஆட்டக்காரருடையவை மட்டுமல்ல. அவர் இருந்த இடத்தின் எண்களும்தான். இடம் மாறினால் எண்ணும் மாறும். ப்ளே கால் பண்ணுகிற (அடுத்து என்ன ஆட வேண்டும் என்று தீர்மானிக்கிற) கோச் எங்கே போனார், எந்த அணியில் எவ்வளவு இடம் காலியானது, இந்த இரண்டையும் பின்தொடர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

வேலை டிசம்பரில் தொடங்குகிறது, கோச்களிடமிருந்து. அதன் பிறகு போர்ட்டல், அதாவது பள்ளி மாற விரும்பும் ஆட்டக்காரர் பெயர் கொடுக்கிற பட்டியல். 2026-இல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஒரு ஜன்னல் (பெயர் கொடுக்கும் காலம்)தான்; ஏப்ரலில் இருந்த இன்னொன்றை எடுத்துவிட்டார்கள். ஜனவரி 16 என்பது பெயர் கொடுக்கக் கடைசி நாள், புதுப் பள்ளியில் சேரக் கடைசி நாள் அல்ல. பெயர் கொடுத்தவர் அதற்குப் பிறகும் கையெழுத்திடலாம். அதனால் ஜனவரி 17 அன்று போட்ட பட்டியலை முடிவானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தலைமைக் கோச் மாறிய அணிக்கு மட்டும், புதியவர் நியமனமான ஐந்து நாள் கழித்துத் தனியாக 15 நாள் ஜன்னல் திறக்கும்.

கோச்சோடு கூடவே போகிற ஆட்டக்காரர்தான் போர்ட்டலில் நம்பத் தகுந்த ரகம். எரிக் மோரிஸ் நல்ல உதாரணம். இன்கார்னேட் வேர்ட் பல்கலைக்கழகத்தில் அவரிடம் ஆடிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கேம் வார்ட், மோரிஸ் வாஷிங்டன் ஸ்டேட்டின் அஃபென்சிவ் கோஆர்டினேட்டராக (தாக்குதல் ஆட்டத்தின் கோச்) போனபோது பின்னாலேயே போனார். மோரிஸ் பிறகு நார்த் டெக்சாஸ் தலைமைக் கோச். அங்கே 2025-இல் நாட்டிலேயே அதிக யார்டு பாஸ் செய்தவர் ட்ரூ மெஸ்டமேக்கர். இப்போது மோரிஸ் ஓக்லஹோமா ஸ்டேட்டில், மெஸ்டமேக்கரும் அங்கேதான். ப்ளே புக் தெரியும், சிக்னல் தெரியும், ஸ்டார்ட்டர் யார் என்ற குழப்பம் கிடையாது.

ஆனால் எண்ணை அப்படியே பெயர்த்து ஒட்டாதீர்கள். வார்ட் 2021-இல் இன்கார்னேட் வேர்டில் 4,648 யார்டு, 47 டச் டவுன். அடுத்த வருஷம் அதே கோச், வாஷிங்டன் ஸ்டேட்டில் 3,231 யார்டு, 23 டச் டவுன். எதிரே நின்ற டிஃபென்ஸின் தரம் ஒரு படி ஏறிவிட்டது, முன்னால் நின்று அவரைக் காக்கிற லைன் தாங்கவில்லை. ஒரு மட்டம் மேலே போகிற குவார்ட்டர்பேக்குக்குப் போன வருஷ டச் டவுனில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துப் போடுவது என் கணக்கு. சில சமயம் அதுவும் போதாது.

கோச் விட்டுப் போன அணியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லேன் கிஃபின் 2025 நவம்பர் கடைசியில் ஓல் மிஸ்ஸை விட்டு எல்எஸ்யூ போனார். ஓல் மிஸ் பொறுப்பு டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த பீட் கோல்டிங்கிடம் வந்தது. ஜெர்ஸி அதே நிறம், மைதானமும் அதே, ப்ளே கால் பண்ணுகிறவர் வேறு. எல்எஸ்யூ ரிசீவர் விலை ஏறுவதை எல்லாரும் பார்ப்பார்கள். ஓல் மிஸ்ஸில் நிமிடத்துக்கு எத்தனை ப்ளே ஓடப்போகிறது என்று பார்க்கிறவர் கொஞ்சம் பேர்.

பெரிய பள்ளிக்குப் போனால் பாயிண்டும் பெருகும் என்ற நினைப்புதான் ட்ராஃப்டில் அதிகம் கெடுப்பது. ரன்னிங் பேக் க்வின்ஷான் ஜட்கின்ஸ் 2023-இல் ஓல் மிஸ்ஸுக்காக 13 ஆட்டத்தில் 271 கேரி (பந்தை ஏந்தி ஓடிய தடவை). 2024-இல் ஓஹையோ ஸ்டேட்டில் 16 ஆட்டத்தில் 194. ஆட்டத்துக்கு 21 கேரி வாங்கியவர் 12-க்கு இறங்கினார், காரணம் பக்கத்தில் இன்னொரு ரன்னிங் பேக் ட்ரெவியன் ஹெண்டர்சன். அணி தேசிய சாம்பியன், இருவருமே ஆயிரம் யார்டு தாண்டினார்கள், என்எஃப்எல்லுக்கும் போனார்கள். ஃபேண்டஸியில் முதல் ரவுண்டில் எடுத்தவருக்குத்தான் நஷ்டம்.

இங்கே இன்னொரு பொறி: சீசன் மொத்தம். காலேஜ் கணக்கில் பௌல் ஆட்டங்களும் (வழக்கமான சீசன் முடிந்த பின் நடப்பவை) ப்ளே ஆஃப் ஆட்டங்களும் சேர்ந்தே வரும். ஓஹையோ ஸ்டேட்டின் அந்தப் பதினாறில் நான்கு, ஃபேண்டஸி லீக்குகள் முடிந்த பிறகு ஆடியவை. மொத்தத்தைத் தொடாமல், முதல் 12 ஆட்டங்களின் சராசரியை எடுங்கள்.

காலி இடத்தைக் கணக்கிட ஒரு ஷீட் போதும். ஒவ்வொரு அணிக்கும் போன வருஷ மொத்தக் கேரி, மொத்த டார்கெட் (ரிசீவரை நோக்கி எறிந்த பாஸ்கள்). அதில் என்எஃப்எல் போனவர், போர்ட்டலில் போனவர், படிப்பு முடித்தவர் மூவரின் பங்கையும் கழியுங்கள். ஓர் அணி 480 கேரி ஓடியது, 210 கேரி வாங்கிய ரன்னிங் பேக்கும் 110 வாங்கிய குவார்ட்டர்பேக்கும் போய்விட்டார்கள் என்றால் 320 காலி. அதை யாருக்குக் கொடுப்பார்கள் என்பதை உள்ளே வந்தவர்கள் பட்டியலில் தேடுங்கள். ஒரே ஒருவரை அழைத்து வந்திருந்தால் அவர் உங்கள் ஆள். இருவரை அழைத்திருந்தால் இருவரையும் மூன்று ரவுண்டு தள்ளி வையுங்கள். எல்லா அணிக்கும் செய்யப் பொறுமை வேண்டாம். வேகமாக ஆடுகிற 40 அணிகளுக்குச் செய்தால் தாராளம்.

ட்ராஃப்டுக்கு முன் லீக்கின் ஸ்கோரிங் பக்கத்தை உட்கார்ந்து படியுங்கள். பாஸில் 25 யார்டுக்கு ஒரு பாயிண்ட், பாஸ் டச் டவுனுக்கு 4, ஓட்டத்தில் 10 யார்டுக்கு ஒன்று, ஓட்ட டச் டவுனுக்கு 6 என்று இருந்தால், ஓடுகிற குவார்ட்டர்பேக்தான் ராஜா. 2024-இல் ஆர்மியின் பிரைசன் டெய்லி ஓட்டத்தில் மட்டும் 1,659 யார்டு, 32 டச் டவுன். பாயிண்டில் 357.9. ஓடாமல் பாக்கெட்டில் (லைனுக்குப் பின்னால்) நின்று 3,500 யார்டு, 28 டச் டவுன் எறிகிற குவார்ட்டர்பேக்குக்குப் பாஸில் கிடைப்பது 252. ஆனால் ஆர்மி–நேவி ஆட்டம் டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை, உங்கள் லீக் அதற்குள் முடிந்திருக்கும். அவர் ஆடிய 13 ஆட்டத்தில் அதையும் பௌலையும் கழித்துக்கொள்ளுங்கள்.

என்எஃப்எல்லிலிருந்து வருகிறவருக்குப் பிடிபடாத ஒன்று சாக், அதாவது எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது. அங்கே சாக்கில் இழந்த யார்டு குவார்ட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் வராது. காலேஜில் வரும். ஒருவர் 60 யார்டு ஓடி, மூன்று சாக்கில் 24 யார்டு இழந்தால் தாளில் 36 என்றுதான் இருக்கும்; 6 பாயிண்ட் 3.6 ஆகிவிடும். அதனால் ஓடுகிற குவார்ட்டர்பேக்கை எடுக்கும்போது அவருடைய அஃபென்சிவ் லைனில் எத்தனை ஸ்டார்ட்டர் திரும்பி வருகிறார்கள் என்று பாருங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் யோசிக்கலாம்.

லீக் எந்த அணிகளை அனுமதிக்கிறது என்பது வரிசையையே மாற்றிவிடும். எஃப்பிஎஸ் (காலேஜ் ஃபுட்பாலின் மேல் மட்டம்) முழுவதும் என்றால் 2025 கணக்குப்படி 136 அணி, அத்தனை ஸ்டார்ட்டிங் குவார்ட்டர்பேக். 12 பேர் லீக்கில் ஒரே குவார்ட்டர்பேக் இடம் என்றால் ஓடுகிற ஐந்தாறு பேரைத் தவிர யாருக்காகவும் அவசரப்பட வேண்டாம். நான்கு பெரிய கான்ஃபரன்ஸும் (தங்களுக்குள் ஆடும் அணிக் குழு) நோட்ரடேமும் மட்டும் என்றால் 68 அணி. அங்கே இரண்டு குவார்ட்டர்பேக் ஆட வேண்டியிருந்தால் இரண்டாவது ரவுண்டிலேயே அலமாரி காலியாகத் தொடங்கும். டைட் எண்டை இரண்டிலும் கடைசிக்கு விடலாம்.

அட்டவணையில் இரண்டு விஷயம். 2026-இல் பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஐந்தும் மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸை விட்டு பேக்-12-க்குப் போகின்றன. போன வருஷ எதிரணிப் பட்டியலை வைத்து அவர்களை மதிப்பிட முடியாது, மிச்சமிருக்கும் மவுண்டன் வெஸ்ட் அணிகளையும் முடியாது. அடுத்தது நவம்பர். எஸ்இசி கான்ஃபரன்ஸ் அணிகள் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை பலவீனமான அணியை அழைத்து ஆடுவது வழக்கம். மூன்றாவது குவார்ட்டரில் ஸ்டார்ட்டர் பெஞ்சுக்குப் போய்விடுவார், உங்கள் ஃபேண்டஸி அரை இறுதியும் அன்றைக்கே இருக்கும். 2026 முதல் எஸ்இசி ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு மாறுவதால் இது குறையலாம், ஆனாலும் அணி அணியாகச் சரிபாருங்கள். ஃபேண்டஸி இறுதி ஆட்டத்தைக் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் வாரத்தில் வைக்கிற கமிஷனர் (லீக்கை நடத்துபவர்) இருந்தால் இப்போதே சண்டை போட்டு மாற்றுங்கள். பெரும்பாலான அணிகள் அன்று ஆடவே ஆடாது.

ஸ்ப்ரிங் செய்திகளுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். பல பள்ளிகள் பொது ஸ்ப்ரிங் ஆட்டத்தையே நிறுத்திவிட்டன. ஆகஸ்ட் கேம்ப்தான் பேசும், அதிலும் கோச் வாயை விட யார் முதல் அணியோடு பயிற்சி செய்தார் என்ற நிருபர் குறிப்பு. டெப்த் சார்ட்டில் (யார் ஸ்டார்ட்டர், யார் மாற்று என்ற பட்டியல்) இரண்டு பெயருக்கு நடுவே ‘ஆர்’ (அல்லது) என்று போட்டிருந்தால் இருவரையுமே ஸ்டார்ட்டராக எண்ணக்கூடாது. ட்ராஃப்டை 2026 ஆகஸ்ட் 29-க்கு முந்தின இரண்டு மூன்று நாளுக்குள் வையுங்கள். அன்றுதான் வீக் ஜீரோ, சீசனின் முதல் ஆட்டங்கள். ஜூலையில் ட்ராஃப்ட் செய்தால் கேம்ப் காயங்களுக்கு நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள்.

காயச் செய்தியும் என்எஃப்எல் மாதிரி வராது. நாடு முழுவதற்குமான ஒரே அறிக்கை கிடையாது, கான்ஃபரன்ஸுக்குக் கான்ஃபரன்ஸ் மாறும். பிக் டென் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வெளியிடுகிறது. எஸ்இசி, கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு மட்டும், மூன்று நாள் முன்பே தொடங்கிக் கடைசித் தகவலை 90 நிமிடம் முன்னால் தருகிறது. சனிக்கிழமை முதல் ஆட்டங்கள் அமெரிக்கக் கிழக்கு நேரம் மதியம் 12 மணிக்குத் தொடங்கும், இரவுக் கடைசி ஆட்டம் நள்ளிரவு தாண்டும். ஆகவே சந்தேகத்தில் இருக்கிற இரவு ஆட்டக்காரரை ஃப்ளெக்ஸ் (ஒன்றுக்கு மேற்பட்ட நிலை ஆட்டக்காரரை ஏற்கும்) இடத்தில் வைத்து, அவருக்குப் பிறகோ அதே நேரத்திலோ தொடங்குகிற பேக்-12 ஆட்டத்து ஆள் ஒருவரைப் பெஞ்சில் வைத்திருங்கள். பெஞ்சின் கடைசி இடம் அதற்கென்றே ஒதுக்கத் தக்கது.