சேக்கிழாரும் மூட்லியும்

கடிதம்:

வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பப் பெயர் மூட்லி. சோழ ராஜாவுக்கு மந்திரியாக இருந்த சேக்கிழார் நம் வம்சம்தான் என்று அப்பா சொல்லுவார். அவர் எந்தச் சாதி? மனைவி, பிள்ளைகள் உண்டா? அவர் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்:

தம்பி, இந்தப் பெயர் விவகாரம் ரொம்ப நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. சரியான நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

மனைவி, பிள்ளைகள் கதையை விடுங்கள். தொள்ளாயிரம் வருஷத்துக்கு வாரிசுச் சான்றிதழ் கொடுக்க நான் தாசில்தார் இல்லை.

மற்றதைச் சொல்கிறேன். சேக்கிழார் தொண்டை நாட்டுக் குன்றத்தூர்க்காரர், வேளாளர், இரண்டாம் குலோத்துங்கனின் (1133–1150) அமைச்சர். சோழ நாட்டுத் திருநாகேசுவரம் மனசை விட்டுப் போகாமல், அதே பெயரில் சொந்த ஊரிலும் கோயில் எழுப்பினார். அவருடைய தம்பி பெயர் பாலறாவாயர். சேக்கிழார் என்பது குடிப்பெயர். வீட்டில் வைத்த பெயர் அருண்மொழித்தேவர். (தேவர் என்றதும் வேறொரு கூட்டம் உரிமை கொண்டாடக் கிளம்பும். அது மரியாதைச் சொல், அவ்வளவுதான்.)

மூட்லிக்கு வருவோம். முதலி, முதலியார் என்பதன் திரிபுதான் அது. எங்கள் வீட்டில் அப்பா மூட்லி, கூடப் பிறந்த பெரியப்பா முதலி. ஒரே அடுப்படி, இரண்டு குடும்பப் பெயர், எல்லாம் எந்தக் குமாஸ்தா எப்படி எழுதினான் என்பதைப் பொறுத்தது. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், கப்பல் பதிவேட்டில் ஒரு வரி: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஊர், உடம்பில் உள்ள தழும்பு. என் கொள்ளுத்தாத்தாவின் வரியைத் தேடிப் பிடித்தேன். சாதிக் கட்டத்தில் இருந்தது முதலியார் இல்லை, வன்னியர்! மூன்று தலைமுறை மீசை முறுக்கினோமே, அந்த மீசை எங்கே போயிற்று என்று சிரித்தேன். பெரியப்பா இருந்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்திருப்பார்.

ஆனால் நான் அன்றைக்குத் தேடிப்போனது ஊரை. வட ஆற்காடு, வாலாஜா வரைக்கும் தெளிவாக இருந்தது, கிராமத்தின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் கோழி கிளறிய மாதிரி எழுதியிருந்தான். அத்தையிடம் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கண் தெரியாத அத்தை, வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, திடீரென்று "மாம்பாக்கம்டா!" என்றார்.

சேக்கிழார் மேல் அவ்வளவு பெருமை என்றால் அவர் எழுதிய பெரியபுராணத்தை ஒரு தரம் திறந்து பார்த்தீர்களா? நாகையின் பரதவர், அதாவது மீனவர், அதிபத்த நாயனாரைச் சொல்ல வந்தவர், முதலில் நாகை நகரத்தைக் காட்டி, கடலோரத்து மீனவர் குடியிருப்பான நுளைப்பாடியை வலையும் மீனுமாகக் காட்டி, அப்புறம்தான் ஆளிடம் வருகிறார். குலத்தை அவர் மறைக்கவில்லை, சொல்கிறார். குயவரும் வண்ணாரும் வேடரும் அரசர்களோடு ஒரே புத்தகத்தில் இருக்கிறார்கள். ஊரை விட்டுவிட்டு ஆளைச் சொல்ல மட்டும் அவருக்கு மனம் வராது. நீங்கள் ராஜா, மந்திரி, சாதி, வம்சம் எல்லாம் எழுதினீர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஊர் எங்கே தம்பி? ஒரு வரி இல்லையே!

கோபமில்லை. அப்பாவிடம் சண்டைக்கும் போகாதீர்கள், பாவம், அவருக்கும் யாரோ சொன்னதுதான். வீட்டுப் பழைய தகரப் பெட்டியில் பிறப்பு, இறப்புக் காகிதங்கள் இருந்தால் பாருங்கள், கப்பல் எண் அதில் இருக்கலாம். கிடைத்தால் அனுப்புங்கள். அத்தை போய்விட்டார், நானே வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன்.