வாசகர் கேள்வி–பதில்: இங்கிலாந்தின் சந்தை ஊர்கள்

கே: இங்கிலாந்தில் சில ஊர்ப் பெயர்கள் ‘சிப்பிங்’ என்று தொடங்குவது ஏன்? பழைய சந்தை ஊர்களுக்கு இடையே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததா?

ப: பழைய ஆங்கிலத்தில் சந்தையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது ‘சிப்பிங்’. சிப்பிங் கேம்ப்டன், சிப்பிங் நார்ட்டன் எல்லாம் அப்படிப் பெயர் பெற்றவைதான். தூரத்துக்குக் கணக்கு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் பிராக்டன் சட்ட நூல், ஒரு நாள் பயணத்தை 20 மைல் என்று வைத்து மூன்றாகப் பிரிக்கிறது: சந்தைக்குப் போக ஒரு பங்கு, வாங்கி விற்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. ஒரு பங்கு 6⅔ மைல், அதாவது சுமார் 10.7 கி.மீ. அதற்குள் புதுச் சந்தை முளைத்தால் பழைய சந்தைக்கு உரிமையுள்ளவர் வழக்குப் போடலாம். கேம்ப்டனில் 1627-இல் கட்டிய சந்தை மண்டபம் இன்றும் நிற்கிறது. கல் வளைவுகள், திறந்த பக்கங்கள், மேடுபள்ளமான கல் தரை. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்க வந்தவர்கள் மழையில் ஒதுங்கக் கட்டியது.

கே: கடைத்தெரு வீடுகள் குறுகலாகவும் பின்னால் நீண்டும் இருப்பது ஏன்?

ப: சந்தையைப் பார்த்த முகப்புக்குத்தான் மதிப்பு. ஸ்ட்ராட்ஃபோர்டு-அபான்-ஏவனில் 1196-இல் வூஸ்டர் ஆயர் மனை பிரித்தபோது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 58 அடி அகலம், 198 அடி நீளம். ஆண்டு வாடகை 12 பென்னி. இத்தகைய மனைகளைப் பின்வந்தவர்கள் அகலவாக்கில் கூறுபோட்டார்கள், நீளம் அப்படியே நின்றது.

கே: அங்கே பழைய கல்வீட்டில் கற்களுக்கு நடுவேயுள்ள இணைப்புகளில் சிமெண்ட் பூசியதும் ஈரம் கூடுகிறதே?

ப: சுண்ணாம்புக் காரை ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட நீர் கல்லுக்குள் புகுந்து, உறைபனியில் விரிந்து கல்லின் முகத்தையே செதில் செதிலாக உரித்துவிடும். சிமெண்டை உளியால் பொறுமையாக எடுங்கள், அறுக்கும் இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம் சுரண்டி, நீர் தெளித்து, 1 பங்கு சுண்ணாம்புக் களிக்கு (நீற்றிய சுண்ணாம்புக் குழைவு) 3 பங்கு கூர்மணல் (சொரசொரப்பான மணல்) கலந்து அழுத்தி நிரப்புங்கள். ஈரச் சாக்கு போர்த்தி மெல்ல உலரவிட வேண்டும்; அவசரப்பட்டால் வெடிப்பு விடும். 5 டிகிரிக்குக் கீழே தொடவே வேண்டாம். மரபுப் பட்டியலில் உள்ள கட்டடமென்றால் முதலில் உள்ளாட்சித் திட்டப் பிரிவைக் கேளுங்கள். கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது அங்கே குற்றம்.