எருக்கம்பூவுக்குள் ஒரு ஜிமிக்கி
கைவினை நகை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஆறு மாதமாக டெரகோட்டா (சுட்ட களிமண்) நகை செய்கிறேன். இப்போது புதிதாக ஒன்றுமே தோன்றமாட்டேன் என்கிறது. இன்ஸ்டாகிராமில் பார்ப்பதைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறேன். 'இயற்கையைப் பார், டிசைன் தானாக வரும்' என்கிறார்கள். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? - வாசகி, பல்லடம்

பதில்: இந்தச் சலிப்பு எனக்கும் வந்திருக்கிறது. இன்னொருவர் செய்து முடித்த தோட்டைப் பார்த்துச் செய்தால் அந்தத் தோடுதான் கிடைக்கும், அவர் எதைப் பார்த்து அதைச் செய்தாரோ அது நமக்குக் கிடைக்காது. நம் வீட்டுப் பழைய நகைகளின் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: மாங்காய் மாலை, மல்லிகை மொட்டு மாலை, மிளகு மணி, நெல்லிக்காய் மணி, அவல் மணி, ஜடைநாகம். தோட்டத்தையும் அடுப்படியையும் பார்த்துச் செய்தவை. அதிலும் மாங்காய் மாலையில் இருப்பது முழு மாங்காய் இல்லை, அதன் மூக்கு வளைவு மட்டும்தான். ஆசாரி அந்த ஒரு வளைவைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டார். இயற்கையைப் பார் என்று சொல்வதற்கு இதுதான் அர்த்தம் என்று நான் நினைக்கிறேன், பூவை அப்படியே மண்ணில் செய்வது இல்லை.

எருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேடி அலைய வேண்டாம், ரோட்டோரத்திலேயே நிற்கும். ஒரு கொத்து பறியுங்கள் (பால் கண்ணில் பட்டால் ஆபத்து, உடனே சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்). மேலிருந்து பார்த்தால் மெழுகில் வார்த்தது மாதிரி கெட்டியான ஐந்து இதழ், நடுவில் குட்டிக் கிரீடம் போல ஒன்று எழும்பி நிற்கும். இப்போது பூவைத் தலைகீழாகப் பிடியுங்கள். மேலே இதழ்கள் தோடாக விரிந்திருக்க, கீழே அந்தக் கிரீடம் தொங்கும், ஜிமிக்கியேதான்! அப்புறம் மொட்டைப் பாருங்கள், சின்ன வயதில் நசுக்கி 'டப்' என்று வெடிக்கவிட்டு விளையாடியிருப்பீர்களே, அதேதான். ஐந்து பட்டையும் மழுங்கின முனையுமாக, கோத்தால் நல்ல மணி. இலைகள் ஜோடி ஜோடியாக வரும், ஒரு ஜோடிக்குக் குறுக்காக அடுத்த ஜோடி. அந்த வரிசையிலேயே மணிகளைக் கோத்தால் மாலை எந்தப் பக்கம் திரும்பினாலும் நிறைவாக இருக்கும். ஒரே செடியில் தோடு, மணி, மாலை மூன்றும் வந்துவிட்டது பாருங்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரே செடி போதும். வரைய வராது என்றால் வரைய வேண்டாம். பிசைந்த மண்ணைத் தட்டையாக்கி, வேப்பிலையை நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, சப்பாத்திக் கட்டையால் ஒரு தடவை உருட்டி இலையை உரித்தெடுங்கள். அந்த நரம்புக் கோடு நம் கையால் கீறி வராது.

இன்னொன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலுக்குப் போய்விட்டு வாருங்கள், உங்களுக்கு அதிக தூரமில்லை. சங்க காலத்தில் கல்மணி செய்த ஊர். சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல் என்று அகழாய்வில் கிடைத்தவற்றில் பாதியில் நின்றுபோன மணிகளும் இருக்கின்றன, துளை போடாதவை, மெருகு ஏற்றாதவை. அவற்றின் படங்களைப் பார்த்தபோது, ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ 'நாளைக்கு முடிக்கலாம்' என்று வைத்துவிட்டுப் போனது போலத்தான் எனக்குத் தோன்றியது.

கேள்வி: சுடும்போது பாதிக்கு மேல் வெடித்துவிடுகிறது. மண் சரியில்லையா? - வாசகி, மானாமதுரை

பதில்: பெரும்பாலும் மண் மேல் தப்பில்லை, ஈரம்தான் காரணம். நான் முதன்முதலில் சுட்ட பதினான்கு ஜோடியில் மூன்றுதான் முழுசாக வந்தது. வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், சூட்டில் அது ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மண்ணை உடைத்துக்கொண்டு வரும். அதனால் நான்கைந்து நாள் நிழலில் உலர்த்தி, அதற்கப்புறம்தான் வெயில். சுடுவதற்கு முன் ஒரு மணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. மண்ணைக் கரைத்துப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள், பிசையும்போது காற்றுக் குமிழ் தங்கவிடாதீர்கள். வரட்டியும் உமியும் போட்டுச் சுடுகிறவர்கள் முதல் ஒரு மணி நேரம் தீயை அவசரப்படுத்தவே கூடாது.

காய்ந்து வெந்து வரும்போது அளவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும், அதையும் கணக்கில் வைத்துத்தான் செய்ய வேண்டும். கொக்கிக்கு முன்கூட்டியே கம்பி சொருகுவதாக இருந்தால் அலுமினியம் வேண்டாம், 660 டிகிரியிலேயே உருகிவிடும். பெயின்ட் இல்லாமல் கறுப்பு வேண்டுமா? சூடு உச்சத்தில் இருக்கும்போது, நகைகளை உள்ளே வைத்துச் சுடுகிற பானையின் வாயை அடைத்து, காற்றுப் போகாமல் உள்ளேயே புகைய விடுங்கள். சிவப்பும் கறுப்புமாகக் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளும் காற்றையும் புகையையும் கையாண்ட விதத்தில் வந்த நிறம்தான், சாயம் இல்லை. கீழடி உங்களுக்குப் பக்கம், அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: குன்றிமணியில் துளை போட்டுக் குழந்தைக்கு வளையல் கோக்கலாமா? சிவப்பும் கறுப்பும் அவ்வளவு அழகு! - வாசகி, நாகர்கோவில்

பதில்: தயவுசெய்து வேண்டாம். அழகு என்பதில் சந்தேகமே இல்லை, பொற்கொல்லர்கள் பொன் நிறுக்க வைத்திருந்த மணி அது. ஆனால் உள்ளே இருப்பது அப்ரின் என்கிற கொடிய விஷம். மேல் ஓடு கெட்டியாக இருக்கும்வரை அது உள்ளேயே இருக்கும், நாம் துளை போடும்போது அந்த ஓட்டைத்தான் உடைக்கிறோம். துளைக்கிற தூள் மூக்கில் போனாலும் ஆபத்து, குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நிறம்தான் வேண்டும் என்றால் மண்ணில் மணி உருட்டி, சிவப்படித்து, ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வையுங்கள். கைக்குழந்தைக்கு என்றால் அதையும் கோக்காதீர்கள், நூல் அறுந்தால் மணி நேரே வாய்க்குத்தான் போகும்.

கேள்வி: மல்லிகையை ரெசினில் (ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) போட்டால் பழுப்பாகிவிடுகிறது. - வாசகி, மதுரை

பதில்: ஈரமுள்ள பூ எதுவும் ரெசினுக்கு ஆகாது. ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளில் புதைத்துச் சருகாகும்வரை உலர்த்திவிட்டுப் போடுங்கள். அப்படியும் மல்லிகை வெள்ளையாகவே நிற்காது, அது மனசுக்கு வருத்தம்தான். வாடாமல்லி எடுங்கள், பெயரிலேயே இருக்கிறது, செடியிலேயே காகிதம் மாதிரி உலர்ந்திருக்கும், நிறமும் நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்துவைத்து வேலை பாருங்கள்.

கேள்வி: ராமேஸ்வரம் போனபோது கரையில் கிடந்த பவளப்பாறைத் துண்டுகளைப் பொறுக்கி வந்தேன். பதக்கம் செய்யலாமா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: செய்யாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, சில சங்குகளும் அப்படியே. செத்த துண்டுதானே என்று சட்டம் விட்டுவிடாது. அடுத்த முறை போகும்போது பிசைந்த களிமண்ணை ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். கிடக்கிற சிப்பியை மண்ணில் அழுத்தி வரியைப் பதித்துக்கொண்டு, சிப்பியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

கேள்வி: ஒரு ஜோடிக்கு என்ன விலை வைப்பது? சொந்தக்காரர்கள் எல்லோரும் 'மண்தானே' என்கிறார்கள். - வாசகி, விழுப்புரம்

பதில்: மண் மட்டும் இல்லையே, உங்கள் இரண்டு மணி நேரமும் அதில் இருக்கிறதே. மண், கொக்கி, பெயின்ட் 30 ரூபாய், உங்கள் நேரம் மணிக்கு 75 என்று வைத்தாலே 180 ஆகிவிட்டது. சுடுகிற பத்தில் இரண்டு உடைந்தால் அந்தச் செலவை மீதி எட்டும்தான் சுமக்க வேண்டும், ஆக 225. சொந்தக்காரர்களுக்கு ஒரு ஜோடி அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள், விலையைக் குறைத்து மட்டும் விற்காதீர்கள். கொக்கியை நிக்கல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். காது அரித்தால் வாங்கினவர் இரண்டாம் தடவை வரமாட்டார்.